மணலின் நிறமாலையில் அணுக்கருவின் வடிவம்

திருவனந்தபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால் மணவாளக்குறிச்சி வரும். வடக்கே கொல்லத்தையும் கடந்து சென்றால் சவரா வரும். இவ்விரு இடங்களின் கருமணலில் மோனசைட்டு என்னும் கனிமம் கலந்திருப்பது நம் வாசகர்கள் அறிந்ததே. 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயனர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில் இதனைக் கண்டறிந்தார். கயிற்றோடு சென்ற மணலால் ஒரு தொழிலே பிறந்தது. 1956 நவம்பரில் மணவாளக்குறிச்சி சென்னை இராச்சியத்துடன் இணைந்தது. சவரா கேரளத்தில் நின்றது. மணலின் குணம் மட்டும் இரு பக்கமும் ஒன்றே.

இம்மணலிலுள்ள தோரியத்தை அளக்கும் களப்பணியாளர் சோடியம் அயோடைடு ஸ்படிகம் பொருத்திய கருவியைக் கையில் எடுத்துச் செல்கிறார். 2410 முதல் 2810 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையுள்ள ‘சன்னலில்’ எத்தனை துடிப்புகள் விழுகின்றன என்று எண்ணி, தோரியத்தின் அளவைக் கணிக்கிறார். (இனி இக்கட்டுரையில் வரும் சக்தி எண்கள் யாவும் கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவிலேயே கூறப்படும்.) அச்சன்னலின் நடுவே நிற்பது 2614 என்னும் வரி. பதிவேட்டில் அதற்கெதிரே ‘தாலியம்-208’ என்று எழுதுகிறோம். ஆய்வுக்கூடத்தில் ஜெர்மேனியக் கருவியில் அதே மணலை வைத்தால் 911, 969 என்னும் வரிகளும் ஓங்கி நிற்கின்றன. அவற்றிற்கெதிரே ‘ஆக்டினியம்-228’ என்று எழுதுகிறோம்.

கணக்கு வைப்பதற்கு இப்பெயர்கள் போதும். ஆனால் பௌதிகத்தின்படி இவை சரியல்ல. ஆக்டினியம்-228 ஓர் எலெக்ட்ரானை வெளியிட்டுத் தோரியம்-228 ஆகிவிடுகிறது. அவ்வாறு புதிதாய்ப் பிறந்த தோரியக் கரு கிளர்ச்சி நிலையில் இருப்பதால், அமைதியடையும் பொருட்டுக் காமாக் கதிரை விடுகிறது. அதுபோலவே 2614ஐ வெளியிடுவது தாலியம் அன்று. அதிலிருந்து பிறந்த காரீயம்-208. பிறந்த குழந்தையின் அழுகையைத் தாயின் பெயரில் பதிந்து வைத்திருக்கிறோம் எனலாம். இத்திருத்தம் வெறும் பெயர்த் திருத்தமாக இருந்தால் இங்கு ஒரு கட்டுரை வேண்டுவதில்லை. எந்தக் கரு கதிரை விடுகிறதோ அக்கருவின் வடிவம் அவ்வரிகளில் பதிந்திருக்கிறது என்பதே நாம் இங்குக் காண வேண்டுவது.

பள்ளிப் பாடநூல்களில் அணுக்கரு ஓர் உருண்டையாக வரையப்படுகிறது. நீர்த்துளி உருண்டையாக இருப்பது போலக் கருவும் இருக்கும் என்னும் எண்ணத்திலிருந்து வந்தது அப்படம். 1949இல் மரியா மேயரும் யென்சனும் கருவிற்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்கான கூடுகளில் அமைகின்றன என்று காட்டினர். 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்களில் கூடு நிரம்புகிறது. கூடு நிரம்பிய கரு உருண்டையே. நிரம்பாத கருவில் வெளிக்கூட்டில் ஓடும் துகள்கள் உள்ளிருக்கும் துளியை ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடும் என்று 1950இல் ரெயின்வாட்டர் கருதினார். ஆகே போரும் பென் மாட்டல்சனும் அதனைச் சோதனைகளோடு ஒப்பிட்டு முழுக்கொள்கையாக வளர்த்தனர். மூவருக்கும் 1975இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பவனுக்கு ஓர் இடர். ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்தால் ‘விகாரமடைந்த கரு’ என்று வரும். நீண்ட கரு எவ்வகையிலும் விகாரமானதன்று. அணுக்கருக்களில் பெரும்பகுதி உருண்டையிலிருந்து சிறிதேனும் மாறியவையே. ஆகவே ‘உருத்திரிந்த கரு’ என்றே இங்கு எழுதுகிறேன். மட்டை உரிக்காத தேங்காயை நினைத்துக்கொண்டால் வடிவம் விளங்கும்.

கரு கண்ணுக்குத் தெரியாது. பின்னர் அது நீண்டதா உருண்டையா என்று எவ்வாறு அறிவது? சுழற்சியால் அறியலாம். சிறிதும் பழுதற்ற, புள்ளியோ கோடோ இல்லாத ஓர் உருண்டையைச் சுழற்றினால் அது சுழன்றது என்று சொல்ல யாதொரு அடையாளமும் இல்லை. குவாண்டம் கொள்கையில் இது வெறும் பேச்சன்று: திரும்பிய நிலையையும் திரும்பாத நிலையையும் வேறுபடுத்த முடியாவிடின் அச்சுழற்சி என்பதே இல்லை. நீண்ட கருவோ, தேங்காய் தரையில் குறுக்காகச் சுழல்வது போலச் சுழலலாம். அச்சுழற்சியின் சக்தி நினைத்த அளவெல்லாம் கொள்வதில்லை. J என்னும் முழு எண்ணைக் கொண்டு J(J+1) என்னும் பெருக்கத்திற்கு ஏற்பப் படிப்படியாக உயர்கிறது. கருவின் இரு முனைகளும் ஒத்திருப்பதாலும், பாதிச் சுற்றிலேயே அது தன் பழைய தோற்றத்தை அடைந்துவிடுவதாலும், புரோட்டான்களும் நியூட்ரான்களும் இரட்டைப்படையாயுள்ள கருவில் இச்சுழற்சி வரிசையில் 0, 2, 4, 6 என்னும் இரட்டை எண்களே வரும். J(J+1) முறையே 0, 6, 20, 42 ஆகும். ஆகவே முதற்படியின் சக்தியால் இரண்டாம் படியின் சக்தியை வகுத்தால் 20/6, அதாவது 3.33 வரவேண்டும். உருண்டையாயிருந்து அதிர மட்டும் செய்யும் கருவில் இவ்விகிதம் 2ஐ ஒட்டி நிற்கும்.

இனி நம் மணலின் நிறமாலைக்கு வருவோம். ஜெர்மேனியக் கருவியில் எடுத்த நல்ல நிறமாலையில் 968.97, 911.20 என்னும் இரு வரிகள் உள்ளன. இரண்டும் தோரியம்-228இன் ஒரே படியிலிருந்து புறப்படுபவை. ஒன்று அடித்தளத்தை அடைகிறது, மற்றொன்று அதற்கு மேலுள்ள முதற்படியில் நின்றுவிடுகிறது. கழித்துப் பாருங்கள்: 57.77. இதுவே முதற்படியின் உயரம். இதனை 328.00, 270.24 என்னும் வேறோர் இணையைக் கொண்டும் சரிபார்க்கலாம், வேற்றுமை 57.76. அடுத்து 338.32, 209.25 என்னும் இணை. இவையும் ஒரே படியிலிருந்து இறங்குபவை. முன்னது முதற்படியிலும், பின்னது இரண்டாம் படியிலும் நிற்கிறது. வேற்றுமை 129.07. ஆகவே இரண்டாம் படியின் உயரம் 57.77உம் 129.07உம் சேர்ந்து 186.84. இதனை 57.77ஆல் வகுத்தால் 3.23.

நம் கடற்கரை மணலிலிருந்து, கூட்டல் கழித்தல் வகுத்தலைக் கொண்டே, தோரியம்-228இன் கரு உருண்டையன்று என்று காட்டியாயிற்று. நீளவாக்கில் அது குறுக்களவைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிகுந்தது. உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு இக்கணக்கை ஒரு வகுப்பு நேரத்தில் செய்து காட்டிவிடலாம். ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதற்காக மோனசைட்டைச் சேகரித்துப் பள்ளியில் வைக்க வேண்டா. அது 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அருகிலுள்ள கல்லூரியிலோ ஆய்வுக்கூடத்திலோ எடுத்த நிறமாலையின் அச்சுப்படி ஒன்றே போதும்.

57.77 முதற்படி என்றால் அச்சக்தியுள்ள காமாக் கதிர் நேரே தெரிய வேண்டுமே, ஏன் அதனைக் கழித்துக் காண்கிறோம் என்று கூர்ந்து படிப்பவர் கேட்கக்கூடும். சரியான கேள்வி. கரு தன் சக்தியைக் கதிராக விடுவதற்குப் பதிலாகத் தன்னைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான் ஒன்றிடம் நேரே கொடுத்து அதனை வெளியே தள்ளிவிடலாம். சக்தி குறைந்தும், கரு கனத்தும் இருக்கையில் இவ்வழியே மேலோங்குகிறது. முதற்படியிலிருந்து தோரியம்-228 இறங்கும்போது ஏறக்குறைய 150 முறைக்கு ஒருமுறையே கதிர் பிறக்கிறது. மற்றவை யாவும் எலெக்ட்ரானிடம் போய்விடுகின்றன. நிறமாலையில் வரி இல்லை என்பதால் படியும் இல்லை என்று முடிவு கட்டுவது களத்திலும் ஆய்வுக்கூடத்திலும் நேரக்கூடிய பிழை. சோடியம் அயோடைடு கருவியிலோ இக்கணக்கே இயலாது. 911ஐ ஒட்டி அக்கருவியின் வரி ஏறக்குறைய 55 அளவு அகன்றுவிடுவதால், 911உம் 969உம் ஒரே மேடாகக் கலந்துபோகின்றன. ஜெர்மேனியத்தில் அதே வரியின் அகலம் சுமார் 2 மட்டுமே. களப்பணிக்கு முன்னது ஏற்றது; வடிவத்தைப் படிக்கப் பின்னது இன்றியமையாதது.

கணக்கில் வந்த 3.23 ஏன் 3.33ஆக இல்லை? மூன்றாம் படி 378இல் இருக்கிறது, 57.77க்கு அது 6.55 மடங்கு. பிழையற்ற சுழலியாயின் 7 மடங்காக இருந்திருக்கும். படி ஏற ஏற, எதிர்பார்த்ததைவிடச் சக்தி சற்றுக் குறைவாகவே வேண்டியிருக்கிறது. அதாவது வேகமாகச் சுழலும்போது கருவின் நிலைமத் திருப்புத்திறன் கூடுகிறது. இதிலும் விந்தையானது, முதற்படியிலிருந்து கணக்கிட்ட திருப்புத்திறன், கரு ஒரு திண்பொருளாயிருந்தால் இருக்க வேண்டிய அளவில் பாதிக்கும் குறைவு என்பதாகும். நீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருகினால் குடம் திரும்பும், உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாது. கருவிலும் புரோட்டான்கள் இருவிரண்டாகவும், நியூட்ரான்கள் இருவிரண்டாகவும் இணை சேர்ந்து, உராய்வற்ற பாய்பொருள் போல நடந்துகொள்கின்றன. சுழற்சியில் அவை முழுவதும் பங்கு கொள்வதில்லை. சுழற்சி மிகும்போது இணைகள் தளர்ந்து பிரிய, திருப்புத்திறன் திண்பொருளின் அளவை நோக்கி ஏறுகிறது.

தோரியத் தொடரின் கடைசியில் நிற்கும் காரீயம்-208இல் இவை ஒன்றுமே இல்லை. 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டு கூடுகளும் நிரம்பியவை. சுழற்சிப் படிகளுக்கு அங்கு இடமில்லாததால், அடித்தளத்திற்கும் முதற்படிக்கும் இடையில் 2614.5 என்னும் பெரும் பள்ளம் கிடக்கிறது. களப்பணியாளரின் சன்னலில் 2614 தனித்து, பிற வரிகளின் நெரிசலின்றித் தெளிவாக நிற்பதற்கு இதுவே காரணம். காரீயம்-208 உருண்டையாக இல்லாதிருந்தால் தோரியம் அளக்கும் முறையே வேறாகியிருக்கும். ஒரு பிடி மோனசைட்டில் நீண்ட கருவும் உருண்டைக் கருவும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றின் முதற்படி 58, மற்றொன்றின் முதற்படி 2614.

இதுவரை கண்டவை இயற்கை நமக்களித்த கருக்கள். இயற்கையில் நிலைத்திராத கருக்களின் வடிவத்தை அறிய வேறு வழி வேண்டும். அவற்றுள் நியூட்ரான் குறைந்து புரோட்டான் மிகுந்த கருக்களைப் பற்றிய ஆராய்ச்சி சுவையானது. இதற்கும் மோனசைட்டிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் மோனசைட்டின் அருமண் தனிமங்களில் மிகுதியானது சீரியம். அதன் கருவில் 58 புரோட்டான்கள். இயற்கைச் சீரியத்தில் நூற்றுக்கு 88 பங்கு சீரியம்-140. நியூட்ரான் 82, நிரம்பிய கூடு. முதற்படி 1596இல் உயர்ந்து நிற்கிறது. (அணு வெடிப்புத் தூசியை அளந்து பழகியவர்களுக்கு இவ்வெண் லாந்தனம்-140இன் வரியாகப் பழக்கமானது. மறுபடியும் தாயின் பெயர்!) இதிலிருந்து இரண்டிரண்டு நியூட்ரான்களாக எடுத்துக்கொண்டே போனால் முதற்படி எவ்வாறு இறங்குகிறது என்று பாருங்கள். சீரியம்-138இல் 789; 136இல் 552; 134இல் 409; 132இல் 325; 130இல் 254; 128இல் 207. கூட்டில் வெற்றிடம் பெருகப் பெருகக் கரு நீள்கிறது, திருப்புத்திறன் ஏறுகிறது, படி தாழ்கிறது. சீரியம்-128இன் இரண்டாம் படி 607இல் உள்ளது, விகிதம் 2.93. முழுச் சுழலியின் எண்ணை அது எட்டவில்லையெனினும் அதிர்வின் எண்ணாகிய 2ஐ விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டது.

இவற்றுள் 136க்குக் கீழுள்ளவை மணலில் கிடைப்பதில்லை. சீரியம்-134இன் அரைவாழ்வு சுமார் மூன்று நாள். 132க்கு மூன்றரை மணி. 130க்கு 23 நிமிடம். 128க்கு நான்கு நிமிடம். புரோட்டான் மிகுந்த கருவில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறிவிட, அவை பாசிட்ரானை வெளியிட்டோ, தம் எலெக்ட்ரானை உட்கொண்டோ, லாந்தனமாக மாறிவிடுகின்றன. ஆகவே அவற்றை உண்டாக்கிய அந்நொடியிலேயே அளக்க வேண்டும். உண்டாக்கும் வழி, இரு சிறு கருக்களை மோதி ஒன்றாக்குவதாகும். சிறிய கருக்களில் புரோட்டானுக்கு வேண்டிய நியூட்ரான் துணை குறைவு, கனத்தவற்றில் அதிகம். ஆதலின் சிறியவை இரண்டு சேர்ந்து பெரியதாகும்போது, பெரியதற்கு வேண்டிய நியூட்ரான் அதில் இராது. இரு சிறு குடும்பங்கள் தத்தம் பண்டபாத்திரங்களோடு ஒரே வீட்டில் குடியேறினாலும் பெரிய விருந்துக்கு வேண்டிய அண்டா அங்கே இல்லாதது போன்றது இது. எடுத்துக்காட்டாக, முடுக்கியிலிருந்து வரும் கந்தகம்-36ஐ மாலிப்டினம்-100இன் மேல் மோதவிட்டால் சீரியம்-136 பெருஞ்சூட்டோடும் கடுஞ்சுழற்சியோடும் பிறக்கிறது. உடனே நான்கு நியூட்ரான்களை ஆவியாகப் போக்கிச் சீரியம்-132 ஆகிறது. எஞ்சிய சுழற்சியை ஒவ்வொரு படியாக இறங்கி, படிக்கொரு காமாக் கதிராக விட்டுத் தணிகிறது.

நம் நாட்டில் இத்தகைய சோதனைகள் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலுள்ள பெலட்ரான் முடுக்கியிலும், புதுடெல்லியில் பல்கலைக்கழகங்களின் பொது முடுக்கி மையத்திலும், கல்கத்தா சைக்ளோட்ரானிலும் நடைபெறுகின்றன. மூன்று இடங்களுக்கும் பொதுவாக இந்தியத் தேசியக் காமா அணி என்னும் கருவித்தொகுதி உண்டு. அது ஓரிடத்தில் சில காலம், மற்றோரிடத்தில் சில காலம் என்று முறை வைத்து அமைக்கப்படுகிறது. 24 உணரிகள் கொள்ளத்தக்கதாக அது திட்டமிடப்பட்டது. உணரி ஒவ்வொன்றிலும் நான்கு ஜெர்மேனிய ஸ்படிகங்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. மேலைநாட்டார் அதற்கு ஒரு புல்லின் பெயரை வைத்தனர். வயலோரத்து ஆரைக்கீரையின் நாலிலையைப் பார்த்திருப்பவர்க்கு அதன் தோற்றத்தை விளக்க வேண்டுவதில்லை. ஒரு ஸ்படிகத்தில் சக்தியின் ஒரு பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குள் சிதறும் கதிரை, இரண்டின் அளவையும் கூட்டி முழுமையாக்கலாம். நான்கையும் விட்டு வெளியே சிதறும் கதிரை, சுற்றிலும் பொதிந்துள்ள பிஸ்மத்து ஜெர்மனேட்டு ஸ்படிகங்கள் பிடித்து, அப்பதிவைத் தள்ளிவிடுமாறு அறிவிக்கின்றன. ஜெர்மேனியம் முழுவதும் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆயினும் கருவியின் உயிர்நாடி ஒருங்குநிகழ்வு முறையே. ஒரு மோதலில் பத்துப் பன்னிரண்டு வகைக் கருக்கள் பிறக்கின்றன. நிறமாலையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஒன்றன்மேலொன்று ஏறிக் கிடக்கின்றன. சந்தைக்கூட்டத்தில் ஒரு குடும்பத்தாரை எவ்வாறு பிரித்தறிவது? சேர்ந்து வருபவர்களைக் கவனிக்க வேண்டும். ஒரு கரு படியிறங்கும்போது அதன் கதிர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன. சீரியம்-132இன் 325உடன் சேர்ந்து பதிவான வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்தால் மற்றக் கருக்களின் வரிகள் மறைந்துவிடும். மேலே தோரியத்தில் 969உம் 911உம் ஒரே படியிலிருந்து புறப்படுகின்றன என்று நான் துணிந்து கூறியதும் இத்தகைய அளவைகளின் பலத்தால்தான்.

நீண்ட கருவின் வரிகளை இவ்வாறு பிரித்தெடுத்தால் அவை சீப்பின் பற்களைப் போலச் சம இடைவெளியில் நிற்கும். படிகளின் உயரம் 0, 6, 20, 42, 72 என்றால் அடுத்தடுத்த படிகளுக்கிடையே உள்ள வேற்றுமை 6, 14, 22, 30; ஒவ்வொன்றும் முன்னதைவிட 8 கூடியது. இங்கிலாந்திலுள்ள டேர்ஸ்பரி ஆய்வுக்கூடத்தில் 1985இல் இதே சீரியம்-132இல் இயல்புக்கு மிஞ்சி நீண்ட, ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்னும் வடிவத்தைக் காட்டும் சீப்பு கிடைத்தது. மறு ஆண்டே அங்கு டிஸ்ப்ரோசியம்-152இல் 19 பற்களுள்ள சீப்பு வெளிப்பட்டது. பற்களின் இடைவெளி 47. நீளம் அகலத்தைப் போல் இருமடங்கு! அத்தகைய கரு வினாடிக்கு 10இன் 20ஆம் அடுக்கு என்னும் வரிசையில் சுற்றுகிறது.

டேர்ஸ்பரியிலேயே 1987இல் நடந்த மற்றொரு சோதனை நம் கடற்கரைக்கு மீண்டும் அழைத்து வருகிறது. சவரா மணலிலிருந்து பிரிக்கப்படும் கனிமங்களில் சிர்க்கான் ஒன்று. அதிலுள்ள தனிமம் சிர்க்கோனியம், 40 புரோட்டான். இயற்கைச் சிர்க்கோனியத்தில் மிக இலேசானதும் மிகுதியானதும் சிர்க்கோனியம்-90. அதன் நியூட்ரான் 50, நிரம்பிய கூடு. 2 என்னும் சுழற்சி எண்ணுள்ள முதல் நிலை 2186இல் இருக்கிறது. அதிலிருந்து பத்து நியூட்ரான்களை நீக்கினால் புரோட்டானும் நியூட்ரானும் நாற்பது நாற்பதாகச் சமமாயுள்ள சிர்க்கோனியம்-80 வரும். நிக்கல்-58, மக்னீசியம்-24 ஆகியவற்றை மோதி, இரண்டு நியூட்ரான்களை மட்டும் இழக்கும் மிக அரிய நிகழ்ச்சிகளில் அதனைப் பிடித்தனர். பிறந்த கருக்களைக் காந்தங்களாலும் மின்புலத்தாலும் எடைவாரியாகப் பிரித்த பின்னரே அதன் மெல்லிய வரிகள் புலப்பட்டன.

அவ்வரிகள் இரண்டு: 290, 538. முதற்படி 2186லிருந்து 290க்குத் தாழ்ந்துவிட்டது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒரே வகைப் பாதைகளில் ஓடுவதால், ஒன்று நீட்டும் திசையிலேயே மற்றொன்றும் நீட்டி, கருவை நீளவாக்கில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மிகுதியாக்குகின்றன. நாற்பது என்பது நிரம்பிய துணைக்கூட்டின் எண், ஆகவே நாற்பதுக்கு நாற்பது உருண்டையாயிருக்கலாம் என்று எண்ணுவோர்க்கு இவ்விரு வரிகளும் நேர்மாறான விடை பகர்ந்தன. இரண்டாம் படியின் உயரத்தைக் கண்டு, விகிதத்தை மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம், 2.86 வரும்.